அக்கரைக்குப் போன கொம்பையன்

கதைன்னதும் ராஜா வருவாருன்னு பாக்குறீங்களா? வரமாட்டாரு. நரி? அதுவும் இன்னைக்கு லீவு. 'கோவப்படாதே கண்ணு'ன்னு முடிப்பான்னு நெனச்சு மூணாவது வரிசையில ஒருத்தர் இப்பவே கொட்டாவி விடுறாரு. விடுங்க, விடுங்க.

ஆத்துக்கெல்லாம் பேரே வைக்காத காலம். ஒரு யானைக்கூட்டம். அதுல கொம்பையன்னு ஒருத்தன். குட்டியும் இல்ல, பெரிய யானையும் இல்ல, ரெண்டுங்கெட்டான் வயசு. யாராவது சீண்டினா காது விரியும், வால் நிமிரும். குறுக்க மரம் இருந்தா மரம் போச்சு.

ஒருநாள் அவன் முட்டினதுல ஒரு குட்டிக்குக் கால் பிசகிடுச்சு. கூட்டத்துத் தலைவி பெரியம்மா அவனை அக்கரைக்குத் துரத்திட்டா. மாசம் ஒருதரம் நடு ஆத்து மணல்திட்டுல வந்து நில்லு, நாங்க சீண்டுவோம், பாயாம நின்னா சேத்துக்குறோம்னு சொல்லிட்டா.

அக்கரையில புல்லு நெறைய. ஆனா சாயங்காலமானா இக்கரையில எல்லாரும் குளிப்பாங்க. அவன் அம்மா தண்ணியை மொண்டு, பழக்கத்துல, தன் பக்கத்துல ஊத்துவா. அங்க யாரும் இருக்கமாட்டாங்க. அவன் பாத்துக்கிட்டே நிப்பான்.

முதல் மாசம் சேத்தை வீசினாங்க. ஒரு மூச்சு நின்னான், பாஞ்சுட்டான்.

ரெண்டாவது மாசம் ஏசினாங்க. மூணு மூச்சு நின்னான், பாஞ்சுட்டான்.

அப்புறம் தானாவே ஒண்ணு கண்டுபிடிச்சான். தும்பிக்கை நுனியை வாய்க்குள்ள வச்சுக்கிட்டா நெஞ்சு படபடப்பு அடங்குது. குளவி கொட்டினப்போ வச்சுப் பாத்தான். இடி இடிச்சப்போ வச்சுப் பாத்தான். அம்மா ஞாபகம் வந்த அன்னைக்கு, நாள் முழுக்க வச்சிருந்தான்.

மூணாவது மாசம். சேறு வந்துச்சு, நின்னான். ஏச்சு வந்துச்சு, நின்னான். ஒரு சித்தி பின்னாடியிருந்து இடிச்சா. தும்பிக்கையை வாயில வச்சுக்கிட்டு அப்பவும் நின்னான்.

பெரியம்மாவுக்குப் பொறுக்கல. "இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு, பால்குடி மாதிரி வாயில தும்பிக்கையா? எடுடா." பிளிறிக்கிட்டே தண்ணி தெறிக்க அவன்மேல பாஞ்சு வந்தா. கொம்பையன் கண்ணை மூடிக்கிட்டான். நகரல.

ஒரு சாண் தூரத்துல பெரியம்மா நின்னா. அவ முதுகுல பூச்சி பொறுக்கிக்கிட்டிருந்த கொக்கு, விழாம சமாளிச்சு எந்திரிச்சு, வாய் தவறிச் சொல்லிடுச்சு:

"பெரியம்மா, அவன் நின்னுட்டான். உங்களுக்குத்தான் பாயாம நிக்கத் தெரியல."

கொம்பையனோட அம்மா, யாரையும் கேக்காம, ஆத்துல இறங்கி அவன் பக்கத்துல போயி நின்னா.

பிள்ளை அடங்கணும்னு ஆசைப்படுறவங்க, முதல்ல தான் அடங்கி அவன் பக்கத்துல நிக்கணும்.