அழிக்காத தடம்

கற்பூரத்தை ஏற்றுங்கள், அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கை வெற்றிலைக் காம்பு மாதிரிக் கிள்ளி எறியுங்கள். எல்லாம் நடந்தது. நடந்த ஊர் ஆற்றோரத்துத் தாழைக்குளம். அந்த ஊர்க் கொசு எருமை மேல் உட்கார்ந்தால் எருமை உட்கார்ந்துவிடும். ஒருமுறை கொசுக்கூட்டம் ஒரு தொட்டிலைத் தூக்கிப் போய், பிள்ளை வெளியூர் என்று தெரிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது. சத்தியம் செய்துவிட்டேன், சிரிக்காதீர்கள்.

ஊருக்கு வெளியே இடிந்த மண்டபத்தில் ஒரு சாமி இருந்தார். நாற்பது வயதுகூட இராது. இடது கால் யானைக்கால். முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி கனத்து, தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஊரார் அவரிடம்தான் ஓடுவார்கள். திருநீறு வேண்டும், திருநீறு கொடுத்தவர் கால் வேண்டாம். அவர் தடத்தை மிதித்தால் மிதித்த காலும் வீங்கும் என்று நம்பிக்கை. அதற்காக ஓர் ஊர்க்கட்டு. வெள்ளிக்கிழமை சாமி பிச்சைக்கு வரும்போது, பின்னால் ஓர் ஆள் நொச்சிக் கொத்தால் தடத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு தடம் மிஞ்சினாலும் சோறு கிடையாது. கூட்டிய கொத்தை எல்லைக்கு அப்பால் எறிந்துவிட வேண்டும்.

கூட்டியவர் பொன்னுரங்கம். நெல் தரகராக இருந்து, மனைவி போனபின் சாமிக்குச் சீடரானவர். சாமியைவிட மிகவும் மூத்தவர். ஒரே மகள் மரகதம் தாழைக்குளத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிச்சை முடிந்ததும் அவள் வீட்டு வாசலில் ஒரு சொம்பு மோர் குடிப்பார், பேத்தியை மடியில் வைத்துக்கொள்வார். வாரம் முழுக்க அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

ஓர் ஆவணியில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. காய்ச்சல் இறங்கியது, கணுக்கால் இறங்கவில்லை. வாழைநார் ஒன்றைச் சுற்றி அளவெடுத்து வைத்தார். சில நாள் கழித்து அதே நாரைச் சுற்றினார். முனையும் முனையும் தொடவில்லை. யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்று நாரை வாயில் போட்டு மென்றே விட்டார்.

வேட்டியைத் தாழ்த்திக் கட்டினார். அந்த வெள்ளிக்கிழமை சாமிக்குப் பின்னால், அவருக்கு முதுகு காட்டிப் பின்னோக்கி நடந்தார். கொத்து இரண்டு பேர் தடத்தையும் அழித்தது.

“என்ன பொன்னுரங்கம், கயிறு திரிக்கிறவன் மாதிரி பின்னாலேயே போறீரு?” என்று தெருவில் சிரித்தார்கள்.

மகள் வீட்டில் உட்காரவில்லை. நின்றபடியே மோரைக் குடித்தார். பேத்தி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். உதறினார். பிள்ளை வீறிட்டு அழுதது.

மண்டபத்துக்கு வந்ததும் சாமி கேட்டார். “பெரியவரே, ரெண்டு பேர் போனோம். ஒருத்தர் தடமும் இல்லையே?”

பொன்னுரங்கம் வேட்டியை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

“வேட்டியைத் தூக்குங்க.”

“வேண்டாம் சாமி.”

“சரி, வேண்டாம். வலிக்குதா?”

அப்போதுதான் அவர் அழுதார். “உங்க தடத்தை மிதிச்சு மிதிச்சுத்தான் வந்துச்சா, சாமி?”

“நான் யார் தடத்தை மிதிச்சேன்?”

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார். “மரகதத்தோட மாமியார் பார்த்தா என்னை வாசல்ல ஏத்த மாட்டா. பேத்தியைக் கண்ணால பார்க்க முடியாது. நினைச்சாலே பயமா இருக்கு.”

“எனக்கும்தான்.”

“உங்களுக்குமா?”

“இத்தனை வருஷமா கதவு சாத்துற சத்தம் கேக்குறேன். இன்னும் பழகல.”

சாமி தண்ணீரும் சீயக்காயும் கொண்டுவந்தார். பொன்னுரங்கத்தின் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தார். “தினம் கழுவணும். படுக்கும்போது காலை உசரத்துல வைக்கணும்.”

“வர்ற வெள்ளிக்கு என்ன செய்யட்டும் சாமி?”

“வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு முன்னால நடங்க. கொத்தை நான் எடுத்துக்கறேன்.”

வெள்ளிக்கிழமை பொன்னுரங்கம் முன்னால் நடந்தார். காது மட்டும் பின்னால் இருந்தது. கொத்து மண்ணில் உரசும் சரசரப்பு கேட்க வேண்டும். கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஒரு கதவு சாத்திக்கொண்டது. எதிர்க்கதவும் சாத்திக்கொண்டது. ஒருத்தி ஓடிவந்து மண்ணில் விளையாடிய பிள்ளையை வாரிக்கொண்டு போனாள்.

மகள் வீட்டு வாசலில் மாமியார் தனக்கோடி அம்மாள் நின்றாள்.

“சம்பந்தி, அங்கேயே நில்லும்! அது என்ன காலு?”

பதில் வருவதற்குள் அவள் கண் தெருவுக்குப் போனது. “அடி ஆத்தே!” என்று அலறினாள்.

அவர் திரும்பினார். மண்டபத்திலிருந்து அந்த வாசல்வரை புழுதியில் தடம். அவருடைய தடம், பக்கத்திலேயே சாமியின் அகன்ற தடம். சாமி கொத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே “அப்பா!” என்று ஒரு குரல். தாழ்ப்பாள் விழுந்தது.

சோறில்லாமல் திரும்பினார்கள். எல்லை தாண்டியும் சாமி கொத்தை எறியவில்லை. மண்டபத்தில் நெருப்பு மூட்டி அதன்மேல் வைத்தார். நொச்சிப் புகை எழுந்தது. கொசுக்கள் இருமிக்கொண்டே வெளியேறியதை நானே கேட்டேன்.

“தடத்தை அழிச்சிருக்கலாமே சாமி,” என்றார் பொன்னுரங்கம். “கெஞ்சிப் பார்த்திருப்பேன். இப்பத் தெருவெல்லாம் தடம். அதைக் கூட்ட அந்த ஊருல ஒருத்தனுக்கும் துணிச்சல் கிடையாது.”

“கிடையாதுதான்.”

“பின்னே ஏன் விட்டீங்க?”

“மரகதம் என்னைக்காவது இந்த மண்டபத்துக்கு வந்திருக்காளா?”

“எங்கே விட்டாங்க? அவளுக்கு வழிகூடத் தெரியாது.”

“இப்பத் தெரியும்.”

பொன்னுரங்கம் புகைக்கு அப்பால் ஊரிலிருந்து வரும் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னவன் யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். தனக்கோடி அம்மாள் வீட்டில்தான் நான் பெண் எடுத்திருக்கிறேன்.