நண்பகல் வாட்டம்

நெட்டைக்கரட்டின் அடிவாரத்தில் ஓடு வேய்ந்த மடம் ஒன்று இருந்தது. நடத்தியவர் பூரணத்தம்மாள். வயது நாற்பத்தொன்று. அவரிடம் வந்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள்.

குழந்தைவேலு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்து மூன்று. பஸ் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிவைப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கடிகாரத்தைக் கழற்றவில்லை.

வந்த அன்றே கேட்டார்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி என் சம்சாரத்துக்கு வயித்துல ஆபரேசன். சாயந்தரம் நாலு மணி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி தரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. நான் தரல. ரெண்டரைக்கு உயிர் போயிடுச்சு. இதுக்கு என்னம்மா பரிகாரம்?"

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

"மூணு கோடையும் அவ பேர்ல தண்ணீர்ப்பந்தல் வச்சேன். ராமேஸ்வரம் போயிட்டு வந்தேன்."

"வேற?"

குழந்தைவேலு தயங்கினார். "பொழுது இருக்கிற வரைக்கும் நான் தண்ணி குடிக்கறதில்ல. இருட்டின பிறகுதான்."

பூரணத்தம்மாள் கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"காய்கறித் தோட்டம் போட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. ஒரு தொட்டிச் செடிகூட வச்சதில்ல."

"கிணத்துக்குப் பின்னால இடம் கிடக்கு. போடுங்க."

"பரிகாரம் கேட்டேனே."

"கேட்டீங்க," என்றார் அம்மாள். எழுந்து போய்ப் பன்னிரண்டு வெண்டை விதையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

குழந்தைவேலு மண்ணைக் கொத்தினார். கல் பொறுக்கினார். சாண எரு போட்டார். நூல் பிடித்து, சாணுக்கு ஒன்றாக விதையை ஊன்றினார். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று வேளைக்கு இரண்டு குடம் தண்ணீர். ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. ஊற்றி முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்.

மடத்தில் சமைக்கிறவர் மாரக்காள். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் பாத்தி தெரியும்.

"டைம் கீப்பரே, அங்க போட்டிருக்கறது வெண்டையா, கெண்டையா? முன்கூட்டியே சொன்னா அதுக்குத் தக்க மசாலா அரைப்பேன்."

"மடத்துல மீன் பேச்சு எதுக்குங்க?"

"நானா பேசறேன்? குளமா நிக்கற பாத்தியில துள்ளுதே."

பன்னிரண்டில் ஒன்பது முளைத்தன. நாலு இலை விட்டன. பிறகு இலை தொங்கியது. குழந்தைவேலு ஒரு குடம் கூட்டினார். இலை மஞ்சளானது. இன்னொரு குடம் கூட்டினார். ஆனி பிறந்தபோது ஒன்றுகூட நிற்கவில்லை.

அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. வேர் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. சாக்கடை வாடை அடித்தது.

"தாகத்துல வாடுதுன்னு நினைச்சேன்."

"தாகத்துல வாடினாலும் இப்படித்தான் தொங்கும். தண்ணியில அழுகினாலும் இப்படித்தான் தொங்கும்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"மண்ணுல விரலை விட்டுப் பாருங்க. உள்ள ஈரம் இருந்தா ஊத்தாதீங்க."

"ஆறு மணிக்கு ஊத்தலைன்னா மனசு கேக்காதும்மா."

"மனசுக்கா ஊத்தினீங்க?"

குழந்தைவேலு குனிந்தார். ஒன்பது செடியையும் பொறுக்கி எருக்குழியில் போட்டார்.

ஆடிப் பதினெட்டன்று அம்மாள் சுரை விதை கொடுத்தார். இந்த முறை இரண்டே குழி. குழிக்கு ஒரு கொடி நின்றது. தண்ணீர் ஊற்றுமுன் குழந்தைவேலு இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தால் குடத்தோடு திரும்பினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலே போதும் என்று தெரிந்தது. கொடிகள் ஆவணியில், குழிமேல் போட்ட பந்தலின் காலைப் பிடித்தன.

ஊற்றியதும் நடந்துவிடும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"தினம் ரெண்டு தரம் போறீங்க. அந்தக் கொடியில எத்தனை இலைன்னு கேட்டா சொல்லுவீங்களா?" என்றார் மாரக்காள் ஒருநாள் பந்தியில்.

"ஊத்தறதுதானே என் வேலை."

"சோத்துக்குத் தண்ணி குடிக்காத மனுசன், செடிக்கு மட்டும் ஓடி ஓடி ஊத்தறாரு." மாரக்காள் அவருக்கு வைத்த டம்ளரை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனார்.

மழையில்லாத ஆவணி. ஒரு நாள் பதினோரு மணிக்கே வெயில் கரட்டுப் பாறையில் பட்டுத் திரும்பி அடித்தது. பன்னிரண்டுக்குக் குழந்தைவேலு பார்த்தபோது இரண்டு கொடியிலும் இலையெல்லாம் நனைந்த துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. குடத்தைத் தேடவில்லை. அடுப்படிக்குள் புகுந்து, கைக்குக் கிடைத்த குடிதண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பந்தலடியில் அம்மாள் நின்றிருந்தார்.

"விரலை விட்டீங்களா?"

செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு குழியிலும் விரலை விட்டார்.

"ஈரமாத்தான் இருக்கு. ஆனா வாடுதே."

"வெயிலுக்கு வாடுது. பொழுது சாஞ்சா எழுந்திரிக்கும்."

"ரெண்டுமா?"

"அது எனக்குத் தெரியாது."

"அப்ப நான் சாயந்தரம் வந்து பாக்கறேன்."

"இல்ல. இங்கேயே உக்காருங்க."

"உக்காந்து?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"என்னால பாக்க முடியாதும்மா."

அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு அவங்க தண்ணி கேட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

குழந்தைவேலு செம்பைப் பார்த்தார்.

"வராந்தாவுல."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிசம்."

அம்மாள் திரும்பினார். மடத்துக்குள் போய்விட்டார்.

குழந்தைவேலு பந்தலடியில் உட்கார்ந்தார். செம்பைக் கீழே வைக்கவில்லை. ஒரு மணிக்கு இலைகள் இன்னும் தொங்கின. இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறை உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்தது. அவர் போகவில்லை. இரண்டரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து அதன்மேல் விட்டுக்கொண்டார்.

மாரக்காள் ஜன்னலிலிருந்து பார்த்தார்.

நாலு மணிக்குமேல் மடத்துச் சுவரின் நிழல் பந்தல்மேல் விழுந்தது. வலது பக்கத்துக் கொடியில், நுனியிலிருந்து மூன்றாவது இலை முதலில் விரிந்தது. அடுத்து அதற்குக் கீழே உள்ளது. யாரும் தொடாமல், ஒரு சொட்டும் ஊற்றாமல், அந்தக் கொடி ஒவ்வொரு இலையாக நிமிர்ந்தது.

இடது பக்கத்துக் கொடி அப்படியே கிடந்தது.

ஐந்தரைக்கு அம்மாள் வந்தார். மாரக்காளும் கூட வந்தார்.

"அது எழுந்திரிச்சிடுச்சு," என்றார் குழந்தைவேலு. "இது எழுந்திரிக்கல."

அம்மாள் குனிந்து இடது கொடியின் அடித்தண்டை நகத்தால் பிளந்தார். உள்ளே மரத்தூள்போலச் சக்கை. அதற்குள் வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது.

"மத்தியானம் நான் ஊத்தியிருந்தா பொழைச்சிருக்குமா?"

"பொழைச்சிருக்காது."

"டாக்டரும் அப்படித்தான் சொன்னார். தண்ணி குடுத்திருந்தாலும் இதேதான்னு." அவர் புழு நெளிவதைப் பார்த்தார். பிறகு கொடியிடம் சொல்வதுபோலச் சொன்னார். "தண்ணி தராததைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். அவ கேக்கறதைக் கேக்க முடியாமதான் வெளிய போனேன். நாலு மணி எப்ப ஆகும்னு வாட்சைப் பாத்துக்கிட்டு நின்னேன். உள்ள சத்தம் நின்னப்ப, தூங்கிட்டான்னு நினைச்சேன். நிம்மதியாக்கூட இருந்துச்சு. அப்புறம் போய்ப் பாத்தா, கதவுப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா."

மாரக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கிணற்றடியில் காகம் ஒன்று தத்தியது. மூவரும் இரண்டு கொடிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னைக்குப் பூரா இங்கேயே இருந்தேன்," என்றார் குழந்தைவேலு. "இருந்தும் இது போயிடுச்சேம்மா."

"போயிடுச்சு," என்றார் அம்மாள்.

கரட்டின் தலையில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. குழந்தைவேலு கையிலிருந்த செம்பை அப்போதுதான் கவனித்தார். நண்பகலில் கொண்டுவந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"இதை என்ன செய்யட்டும்? அந்தக் கொடிக்கு ஊத்தட்டுமா?"

"அதுக்கு ஈரம் போதும்."

"இதுக்கு?"

"இதுக்கு இனி வேண்டியதில்ல."

"அப்ப யாருக்கு?"

"குடிங்க," என்றார் பூரணத்தம்மாள்.