அரண்மனைச் சேம்பு அழுத கதை

கண்ணுகளா, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். மழையும் வெயிலும் சொல்லி வைத்த மாதிரி முறை தவறாமல் வந்துபோன காலம் அது. தென்கரை நாட்டை வெண்குடையான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தங்கமான மனசு. ஆனால் யாராவது அழுதால் அவனுக்குத் தாங்காது.

அதனால் பட்டம் கட்டிக்கொண்ட அன்றைக்கே கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டான். "என் நாட்டில் ஓர் உயிர் கண்ணீர் விட்டாலும் இந்தக் கிரீடத்தைக் கழற்றி என் மைத்துனன் சேந்தன் தலையில் வைத்துவிடுவேன்."

அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். பாடுபட்டது ஊர்தான். வெங்காயம் உரிக்கிறவர்கள் ஆற்றைத் தாண்டி அடுத்த நாட்டில் உட்கார்ந்து உரித்துக்கொண்டு வந்தார்கள். புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்கள் பல்லைக் காட்டிக்கொண்டே வண்டி ஏறினார்கள். பல் முளைக்கிற பிள்ளைகளுக்குக் கிச்சுகிச்சு மூட்ட அரண்மனைச் சம்பளத்தில் ஆள் இருந்தது.

ராஜாவின் படுக்கையறை ஜன்னலோரம், மண்தொட்டியில் ஒரு சேம்புச் செடி. ராணி பெருந்தேவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இலை ஒவ்வொன்றும் யானைக் காது மாதிரி இருக்கும். ஐப்பசியில் வானம் மூடிக்கிடந்த ஒரு காலை, ராஜா கண்விழித்துப் பார்த்தால் இலை நுனியில் ஒரு சொட்டு. அது விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று திரண்டது. கூரை ஒழுகவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது.

"பெருந்தேவி, உன் செடி அழுகிறது." ராஜா ராணியை உலுக்கி எழுப்பினான்.

"செடி எங்காவது அழுமா?"

"ஓர் உயிர் என்றுதானே சத்தியம் செய்தேன். செடிக்கும் உயிர் உண்டே."

சேந்தன் வெற்றிலை மென்றுகொண்டு வந்தான். இலையைப் பார்த்தான், கிரீடத்தைப் பார்த்தான், ஒரு நூலை எடுத்துத் தன் தலையைச் சுற்றி அளந்து பார்த்தான். "மூன்று நாள் பார்ப்போம் அத்தான். நிற்காவிட்டால் கழற்றிவிடுங்கள். சாமி முன்னால் சொன்னது."

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தாகத்தில்தான் அழுகிறதோ என்று யாருக்கும் தெரியாமல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினான். மறுநாள் இலைக்கு இலை சொட்டியது. ஒரு குடம் ஊற்றினான். அதற்கு மறுநாள் தரையெல்லாம் ஈரம், ராஜா வழுக்கி விழுந்தான். சேந்தன் சொன்ன கெடு முடிகிற நாள் கோழி கூவும் முன்னே எழுந்து, ஒரு தவலையையே தூக்கிக்கொண்டு பூனைமாதிரி நடந்தான்.

தொட்டியருகே டொங்கென்று தலையோடு தலை மோதியது. ஒரு தலை அவனுடையது. இன்னொன்று குடத்தோடு வந்த ராணியுடையது. மூன்றாவது, தோண்டியோடு ஜன்னல் வழியாக ஏறிவந்த சேந்தனுடையது. மூன்று பாத்திரமும் உருண்டன.

"நீ தூங்கவில்லையா?" என்றான் ராஜா.

"நீங்கள் மட்டும் தூங்கினீர்களா? கிரீடம் போய்விடுமே என்று தினமும் நானும்தான் ஊற்றினேன்."

"சேந்தா, உனக்கு என்ன வந்தது? கிரீடத்துக்குத்தானே தலையை அளந்தாய்?"

"அளந்ததால்தான் அத்தான் பயம். அது மூக்குவரை இறங்கும். கண் தெரியாமல் எப்படி ராஜ்யம் ஆளுவது? அதனால்தான் நானும் தினமும் ஊற்றினேன்."

ராணி தொட்டிக்குள் விரலை விட்டாள். மணிக்கட்டுவரை சேறு. "அட பாவமே, இது அழவே இல்லை. வேர் வயிறு முட்டக் குடித்திருக்கிறது. வானம் மூடாக்குப் போட்டிருக்கிற நாளில் இலையிலிருந்து ஈரம் காற்றில் போகாது. மிஞ்சின தண்ணீரைத்தான் நுனி வழியாகச் சொட்டுகிறது. முதல்நாள் இரண்டொரு சொட்டோடு நின்றிருக்கும். நாம் மூன்று பேரும் சேர்ந்து குளமாக்கிவிட்டோம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சுவரில் சாய்ந்து சிரித்தான். சிரித்த சிரிப்பில் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அத்தான்," என்றான் சேந்தன் மெதுவாக, "இது கண்ணீர்தானே?"

சத்தியம் சத்தியம்தான். ராஜா கிரீடத்தைக் கொண்டுவந்து மைத்துனன் தலையில் வைத்தான். அது சொன்னபடியே மூக்குவரை இறங்கியது.

கண் மறைந்த சேந்தன், சுவரைப் பார்த்தபடி கம்பீரமாகப் பேசினான். "இப்போது நான் ராஜா. என் முதல் ஆணை, இந்த நாட்டில் யாரும் அழலாம். இரண்டாவது, வெங்காயத்தை அவரவர் வீட்டிலேயே உரிக்கலாம். மூன்றாவது, இந்தக் கிரீடத்தை அத்தானே வாங்கிக்கொள்ள வேண்டும், மூச்சு முட்டுகிறது."

ராஜா ஆணையைத் தட்ட முடியுமா? வாங்கிக்கொண்டான்.

அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டில், வண்டி ஏறப்போன பெண் தேம்பித் தேம்பி அழுதாள். வெண்குடையான் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "உனக்கு என்ன வேண்டும், தாயே?" என்று கேட்டான்.

"ஒன்றும் வேண்டாம் ராஜா. கொஞ்ச நேரம் அழணும்."

அவள் அழுது முடிக்கிறவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சேம்பும் தொட்டி காய்ந்ததும் தெளிந்துகொண்டது. மூடாக்கான காலையில் இன்னமும் ஒரு சொட்டு திரளும். "சாப்பாடு ஆயிற்றா?" என்று கேட்டுவிட்டு ராஜா தன் வேலையைப் பார்க்கப் போவான்.

ஆகையால் கண்ணுகளா, ஈரத்தைக் கண்டதும் ஓடிப்போய் ஊற்றுவது அன்பு அல்ல, என்ன வேண்டும் என்று கேட்டுக் காத்திருப்பதே அன்பு.