எட்டாத பந்து

ஜப்பானில் ஒரு துறைமுக நகரத்தின் பேஸ்பால் அணியில் மினகாமி ஆடிவந்தார். மட்டையாளருக்கு வெகு தொலைவில், மைதானத்தின் கோடியில், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே நிற்பது அவர் வேலை. உயரப் பறந்து வரும் பந்தைத் தரையில் விழுமுன் பிடிக்க வேண்டும்.

அவரை யாரும் தேடிவந்து அணியில் எடுக்கவில்லை. தேர்வு நடந்த அன்று தானாக வந்து வரிசையில் நின்றவர். மட்டை பிடிப்பதிலும் பெரிய பெயர் இல்லை. ஆனால் பந்து வீசுகிறவர்கள், ஆட்டம் முடிந்ததும் அவர் முன் தலை வணங்கிவிட்டுத்தான் உடை மாற்றப் போவார்கள்.

அதே அணிக்கு ஹிராசாவா வந்து சேர்ந்தார். மினகாமியைவிட வயதில் மூத்தவர். தலைநகரத்தில் புகழோடு ஆடியவர். முழங்கால் கெட்டுப்போனதால் அவரை இடப்பக்கக் கோடியில், மினகாமிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

முதல் நாளே அவர் மினகாமியிடம் போனார்.

"இந்த இடம் எனக்குப் புதிது. வயதைப் பார்க்காமல் சொல்லிக்கொடுங்கள்."

"மட்டையில் பட்ட சத்தம் கேட்டதும் ஓடுங்கள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹிராசாவா ஓடினார். ஆனால் கைக்கு வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த பந்துகளுக்கு மட்டும். மற்றதை விழவிட்டு, துள்ளி வரும்போது பத்திரமாக எடுத்து எறிவார். அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் எட்டாமல் விழுந்த பந்து, அடித்தவரின் திறமை. கையுறையில் பட்டு நழுவினால், பெரும்பாலும் அது பிடிக்கப் போனவரின் பிழை. பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்.

ஆண்டு முடிந்தபோது ஹிராசாவா பெயரில் ஒரு பிழையும் இல்லை. மினகாமி பெயரில் பல இருந்தன.

"ஒன்று கேட்கலாமா?" என்றார் ஹிராசாவா. "நான் எதையும் நழுவவிடவில்லை. நீங்கள் நழுவவிட்டீர்கள். ஆனாலும் எல்லோரும் உங்களைத்தான் வணங்குகிறார்கள்."

மினகாமி பயிற்சியாளரைக் கூப்பிட்டு, இருவருக்கும் இடையில் பந்தை அடிக்கச் சொன்னார்.

பந்து உயர்ந்தது. ஹிராசாவா இரண்டடி வைத்து நின்றுவிட்டார். மினகாமி முழு வேகத்தில் ஓடிவந்து பாய்ந்தார். பந்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்தது அவருடைய கையுறையின் நுனியில் சிக்கியது.

வாயில் ஒட்டிய புல்லைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"இது விழுந்துவிடும் என்று நினைத்தீர்களா?"

"ஆமாம்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன்," என்றார் மினகாமி.

மறு ஆண்டின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. ஹிராசாவாவின் ஒப்பந்தம் அத்துடன் முடிகிறது. பிழை செய்யாதவர் என்பது மட்டுமே அவருக்கு மிஞ்சியிருந்த பெயர்.

கடைசிக் கட்டத்தில் எதிரணி ஆள் ஓங்கி அடித்தார். பந்து இருவருக்கும் நடுவில் போயிற்று. விட்டுவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஹிராசாவா ஓடினார். முழங்கால் வலியில் உயிர் போயிற்று. மறுபக்கத்திலிருந்து மினகாமியும் ஓடிவந்துகொண்டிருந்தார். ஹிராசாவா போய்ச் சேர்ந்து கையை உயர்த்தினார். பந்து கையுறைக்குள் விழுந்து, வெளியே உருண்டது.

அணி தோற்றது. ஒலிபெருக்கியில் அவர் பெயர் வந்தது. அரங்கம் கூச்சலிட்டு ஏசியது.

அணி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில் மினகாமி அவர் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம்வரை வந்தார்.

ரயில் வந்து நின்றதும் ஹிராசாவா சொன்னார்:

"மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்தை நான் பிடித்திருக்க வேண்டும்."

"பிடித்திருக்கலாம்," என்றார் மினகாமி. பையை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலும் சொன்னார்:

"இத்தனை வருடமாக அந்த இடத்துக்கு நான் ஒருவன்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஓடிவந்து பார்க்கிறேன், எனக்கு முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள்."