பதினேழாம் அறையின் கூடைப்பந்து அணி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதி. அதில் பதினேழாம் அறையில் மூன்று பேர்: தவசிமுத்து, பிச்சைக்கனி, சூசைமாணிக்கம். மூவர் மூளையையும் சேர்த்தால் ஒருவருக்குக் காணும் என்று விடுதியில் பேச்சு. அது கொஞ்சம் மிகை.

அந்தக் கோடையில் வார்டன் ஓர் அறிவிப்பு ஒட்டினார். கம்ப்யூட்டரில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி. அறைக்கொரு அணி. ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும், ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். ஜெயிக்கிற அறைக்கு ஓர் ஏர் கூலர்.

பதினேழாம் அறையில் மின்விசிறி நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. மூவரும் பி.டி. மாஸ்டரிடம் ஓடினார்கள். அவர் பைக்கை உதைத்தபடியே சொன்னார்: “அணி சமநிலையா இருக்கணும். பெஞ்ச் பலமா இருக்கணும். கடைசி வருஷப் பசங்களையே எடுத்தா அடுத்த வருஷம் அணி காலி. அவ்வளவுதான்டா.”

முதலில் சமநிலை. அறையிலிருந்த கம்ப்யூட்டரின் திரையில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உயரமும் எடையும் இருந்தன. நடுவில் ஒருவர், இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று நிறுத்திக் கூட்டிப் பார்த்தார்கள். வலது பக்கம் மூன்று கிலோ கூடுதல்.

“இடது பக்கத்தானுக்குச் சோறு போடுவோம்லே,” என்றான் பிச்சைக்கனி.

“அவன் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கான். எப்படிப் போடுவ?” என்றான் தவசி.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

“அப்போ வலது பக்கத்தானைப் பட்டினி போடுவோம்,” என்றான் சூசை. “அது நம்மால முடியும்.”

நல்ல யோசனை. அன்றிலிருந்து திரைக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டார்கள். பார்த்தால் அவனுக்கு ஏக்கமாக இருக்குமே!

அடுத்தது பெஞ்ச். வராந்தாவில் கிடந்த பெஞ்சின் மேல் மூவரும் ஏறிக் குதித்தார்கள். முறிந்தது. “சார் சொன்னது சரிதாம்லே,” என்று வியந்து, பலகை வைத்து நாற்பது ஆணி அடித்தார்கள்.

திரும்பி வந்தால் திரையில் ஒரு கேள்வி: ‘மாற்று ஆட்டக்காரர்கள் இல்லை. நானே நிரப்பட்டுமா?’

“இவ்வளவு மரியாதையாக் கேக்குது. வேண்டாம்னு சொன்னா மனசு சங்கடப்படும்,” என்று தவசி ஆம் என்பதை அழுத்தினான்.

கடைசியாக இன்னொரு சிக்கல். ஐவரில் மூவர் கடைசி வருஷம்.

“அடுத்த வருஷம் போயிருவாங்களே?”

“அரியர் வச்சா எப்படிப் போவாங்க?” என்றான் தவசி. அவனுக்குப் பதினோரு அரியர், விஷயம் தெரிந்தவன். திரைமுன் உட்கார்ந்து, பாஸாகாமல் இருப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தான்.

எப்படியோ இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். பாதி ஆட்டத்தில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தபோது திரையில் செய்தி வந்தது: ‘பன்னிரண்டு புள்ளி அடித்த ஒன்பதாம் எண் ஆட்டக்காரருக்குக் கணுக்காலில் காயம்.’

“ஐயோ!” என்று எழுந்தான் பிச்சைக்கனி. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“ஒன்பதாம் நம்பர், கணுக்கால்,” என்றார்கள் நர்ஸிடம்.

“கடைசிக் கட்டில்,” என்றார் அவர்.

ஒன்பதாம் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஐம்பது வயது லிங்கதுரை படுத்திருந்தார். பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்தவர்.

“ஆறடி எட்டங்குலம்னு போட்டிருந்துச்சே?” என்று கிசுகிசுத்தான் சூசை.

“படுத்திருக்காருல்லா. நின்னாத்தானே உயரம்,” என்றான் தவசி.

பார்க்க ஆளில்லாமல் கிடந்த லிங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க யாரு பெத்த புள்ளைகளோ!” என்று ஆரஞ்சை உரித்தார்.

விடுதிக்குத் திரும்பினால் வார்டன் கூலரோடு நிற்கிறார். கம்ப்யூட்டர் தான் நிரப்பிய மாற்று ஆட்களை இறக்கி, நான்கு புள்ளியில் ஜெயித்திருந்தது.

மூவரும் கூலரைப் பார்த்தார்கள். அறைக்குள் அனல் வீசியது. “காயம்பட்டவரு அங்க புழுங்கிக் கிடக்காரு. நாம காத்து வாங்கினா நல்லாவா இருக்கும்?” என்றான் பிச்சைக்கனி. உடனே ஆட்டோ பிடித்தார்கள்.

கூலர் காற்று முகத்தில் பட்டதும் லிங்கதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

“எல்லாம் நீங்க அடிச்சதுக்குத்தான் அண்ணாச்சி,” என்றான் சூசை.

“அப்படியா? எவ்வளவு அடிச்சிருந்தேன்?”

“பன்னிரண்டு.”

லிங்கதுரை வருத்தத்தோடு தலையாட்டினார். “அது முதல் கோட்டு பெயிண்டுதான் தம்பி. ரெண்டாவது கோட்டும் அடிச்சிருந்தா இருபத்திநாலு ஆயிருக்கும்.”