நன்றிப் பலகையில் முதல் பெயர்

நன்றி சொல்லப் போய் வம்பை விலைக்கு வாங்கியவர் தணிகாசலம். ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவர். தன் குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் சீடர்.

அந்த வருஷத்து அடைமழையில் ஏரிக்கரை உடையப் பார்த்தது. நெடுஞ்சாலையில் வெள்ளம் புகுந்து, லாரிகள் ஊர் எல்லையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பஞ்சாபிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த டிரைவர்கள் வண்டியைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். தர்கா தெரு வந்தது, சர்ச் தெரு வந்தது, மேலத்தெருவும் காலனியும் வந்தன. இரண்டு பகல் முழுக்க மண்மூட்டைகள் கை மாறிக்கொண்டே இருந்தன. கரை நின்றது.

கரைக்குக் கீழே முதல் வீடு தணிகாசலத்துடையது. அதற்குள் எழுந்து நடக்க முடியாத மனைவி இருந்தாள். பார்த்தவர்களையெல்லாம் கும்பிட்டும் அவருக்கு மனம் ஆறவில்லை. மதகின் பக்கத்தில் நன்றிப் பலகை வைப்பதாக ஊரறியச் சொல்லிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் காலையில் குருவிடம் ஓடிவந்தார்.

“சாமி, ஊர்க்காரங்க பேருதான் மொதல்ல வரணும்னு எங்க ஆளுங்க நிக்கிறாங்க. டிரைவருங்க மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க. பட்டியல் எழுதும்போது சூளைக்காரங்க பேரை நானே மறந்து விட்டுட்டேன். அவங்க மூட்டையைத் தொடவே மாட்டேங்கிறாங்க.”

“சரி.”

“சாயங்காலம் மறுபடி மழையாம். இன்னும் ஒரு வரிசை அடுக்கலேன்னா கரை போயிடும் சாமி. என் வீட்டுக்காரி உள்ளே படுத்திருக்கா. யார் பேரை மொதல்ல எழுதட்டும்?”

“மொத மூட்டையை யாரு போட்டாங்க?”

“அது எல்லாத்துக்கும் அடியில கெடக்கு. எடுத்துப் பார்க்கவா முடியும்?”

“முடியாதுதான். வாங்க, போய் மூட்டை தூக்குவோம்.”

கரையில் கூட்டம் இருந்தது, வேலைதான் நடக்கவில்லை. டிரைவர்கள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். சூளைக்காரர்கள் தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

குரு ஒரு மூட்டையைத் தூக்கித் தணிகாசலத்தின் பிடரியில் வைத்தார். ஈர மண், கழுத்தை அமுக்கியது. பாதிச் சரிவு ஏறியதும் களிமண்ணில் கால் வழுக்கியது. குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை. தன் பாதங்களைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை.

“சாமி, பிடிங்க!”

குரு பக்கத்திலேயே நடந்து வந்தார்.

“பிடிக்கலாம் ஐயா. யாரு பிடிக்கணும்? ஊர்க்காரரா, டிரைவரா, சூளைக்காரரா?”

“வெளையாடாதீங்க சாமி!”

“பட்டியல் உங்ககிட்டதானே இருக்கு. பார்த்துச் சொல்லுங்க.”

“சாமி! விழப்போறேன்!”

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து மூட்டையை வாங்கிக்கொண்டன.

தணிகாசலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே மூச்சு வாங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“நீ யாரா இருந்தாலும் உன் குடும்பம் நல்லா இருக்கணும்ப்பா!”

அவர் நிமிர்ந்தபோது அந்த மூட்டை கரையின் உச்சிக்குப் போய்விட்டிருந்தது. வயசானவர் விழப்போகிறார் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடிவந்தவர்கள் சரிவு நெடுக நின்றிருந்தார்கள். கீழே யாரோ அடுத்த மூட்டையைத் தூக்கிக் கொடுக்க, அதுவும் மேலே போயிற்று. எல்லார் கையிலும் ஒரே சேறு.

“வாங்கினது யாருன்னு பார்த்தீங்களா ஐயா?” என்றார் குரு.

“பார்க்கலையே சாமி.”

“பார்க்காம ஒண்ணு சொன்னீங்களே, அதைப் பலகையில எழுதிடுங்க.”