பழைய குழம்பும் வேறு ஓலையும்

முன்னொரு காலத்தில், ஒற்றர்களை நினைத்தாலே தூக்கம் போய்விடும் ராஜா ஒருவர் இருந்தார். அவருக்காக மந்திரி அனந்தவர்மர் ஒரு ரகசிய எழுத்து உண்டாக்கினார். பார்ப்பவர்களுக்கு அது கோழி கிளறிய மண்ணாகத்தான் தெரியும். ராஜாவையும் மந்திரியையும் தவிர அதைப் படிக்கத் தெரிந்தவர் ஓலை வாசகர் ஒருவரே.

ராஜா ஆசையாக ஒரு வரி எழுதி, மந்திரிக்குக் காட்டாமல், விகடகவி குப்பாண்டியிடம் நீட்டினார். "நாளைக்குள் இதில் இருப்பதைச் சொல்லும். இல்லையென்றால் உமக்கு இந்தச் சபையில் இடமில்லை."

குப்பாண்டிமேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த மந்திரிக்குக் குஷி தாங்கவில்லை. "சலுகையும் தருகிறேன், விகடரே. வேறு எந்த ஓலையைக் கொண்டுவந்தாலும் வாசகர் படித்துச் சொல்வார். இதை மட்டும் படிக்கமாட்டார். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஓலைதான். போதுமா?"

பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வாசகர் ஒரு நகல் எடுத்துக்கொண்டார். குப்பாண்டி வீட்டுக்குப் போய் ஓலையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்படியும் புரியவில்லை.

"வேலை போனால் எங்க அப்பா வீட்டு வாசலில்தான் நிற்கணும். ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் மனைவி வள்ளியம்மை, சோறு போட்டபடி.

"நிற்கிறேன். குழம்பு பிரமாதம்! இன்றைக்கு வைத்ததா?"

"நேற்று வைத்தது. ஒரு முருங்கைக்காய் சேர்த்தேன். உங்களுக்கு அது போதும்."

குப்பாண்டி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார்.

மறுநாள் சபையில் ஓர் ஓலையை நீட்டினார். ராஜா எழுதியதன் நகல்தான். கடைசியில் மட்டும், முதல் எழுத்தையே பார்த்து இன்னொரு முறை கீறியிருந்தார்.

வாசகர் ஒப்பிட்டார். மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்தார். "வேறு ஓலைதான், மன்னா..."

"அப்படியானால் படியும்!" என்றார் மந்திரி.

"மந்திரியார் வீணையை எடுத்தால் எனக்குத் தலைவலி வருகிறது... ம."

மந்திரியின் முகம் கறுத்தது. "இது ஏமாற்று! எதிரி இப்படியெல்லாம் செய்யமாட்டான்!"

"ஐயா, ஓலையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும் எதிரி என்னைப்போல மக்கு. அவனுக்குப் பயப்பட வேண்டாம். ஓலையில் கைவைத்து, அதை உங்கள் ஆளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வானே, அவனிடமும் தப்பினால்தான் அது ரகசிய எழுத்து. ஒரு கீறல் மாறினாலும் வாசகர் படிக்காமல் திருப்பித் தரும்படி அமையுங்கள்."

"இந்த யோசனை எப்படி வந்தது?" என்றார் ராஜா.

"வரவில்லை மன்னா, பரிமாறினார்கள். என் மனைவி பழைய குழம்பில் ஒரு முருங்கைக்காயைப் போட்டாள். புதுக்குழம்பென்று பாராட்டிச் சாப்பிட்ட ஆள் நான். ஓர் எழுத்து சேர்ந்தால் வாசகரும் வேறு ஓலை என்பார் என்று நம்பினேன்."

ராஜா கிரீடம் சரியும்வரை சிரித்தார். வள்ளியம்மைக்குத் தங்க வளையல்களும், குப்பாண்டிக்கு அரண்மனைக் குழம்பு ஓர் அண்டாவும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் அந்த அண்டாவில் இரண்டு முருங்கைக்காய் விழுந்தன.

"ஆகா, இன்றைக்கு வைத்ததா?" என்றார் குப்பாண்டி.